நான் படித்த நீதிபதி கார்டோஸோ

நம் சட்டக் கல்லூரியில் டார்ட்ஸ் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாரும் பால்ஸ்கிராஃப் வழக்கை மறந்திருக்க மாட்டார்கள். ரயில்வே பிளாட்பாரம், பட்டாசுப் பொட்டலம், சரிந்து விழுந்த தராசு. பரீட்சைக்கு வரும் என்று மனப்பாடம் செய்ததோடு சரி. அந்தத் தீர்ப்பை எழுதிய மனுஷர் யார் என்று அன்று நான் யோசித்ததே இல்லை. தொழிலுக்கு வந்து, அப்பீல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்த பிறகுதான் பெஞ்சமின் கார்டோஸோவைத் தேடிப் படித்தேன். மலருக்கு ஏதாவது எழுதுங்கள் சார் என்று நண்பர்கள் கேட்டபோது வேறு பெயர் மனசில் வரவில்லை.

1870 மே 24ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில், எமிலி என்ற சகோதரியோடு இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனார் ஆல்பர்ட் கார்டோஸோவும் நீதிபதிதான். ஆனால் அந்தக் காலத்தில் நியூயார்க் நகரத்தையே கையில் வைத்திருந்த ட்வீட் கும்பலுக்கு வேண்டியவர் என்று பெயர் வாங்கியவர். விசாரணைக் குழு போட்டார்கள். பதவி நீக்கத் தீர்மானம் வரப்போகிறது என்றதும் 1872இல் அவரே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. ஒன்பது வயதில் தாயாரும், பதினைந்து வயதில் தகப்பனாரும் போய்விட்டார்கள். பதினோரு வயது மூத்த அக்கா நெல்லிதான் அவரை வளர்த்தார். கார்டோஸோ கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1929இல் அக்கா கண்ணை மூடும் வரை ஒரே வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார்.

பதினைந்து வயதில் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முன் வீட்டில் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தவர், சிறுவர் கதைகள் எழுதிப் பேர்பெற்ற ஹொரேஷியோ ஆல்ஜர். பிறகு சட்டப் படிப்பு. இரண்டு வருஷப் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்ததை மூன்று வருஷமாக்கிவிட்டார்கள். இவர் இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டு, சட்டப் பட்டம் இல்லாமலே 1891இல் வக்கீலாகிவிட்டார். (இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!)

இருபத்து மூன்று வருஷம் வக்கீல் தொழில். பெரும்பாலும் மற்ற வக்கீல்கள் கொண்டுவந்து கொடுத்த அப்பீல்கள். 1913 தேர்தலில் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்து, நியூயார்க் மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். இங்கே ஒரு குழப்பம் வரும். அந்த மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது வழக்கை முதலில் விசாரிக்கும் கோர்ட். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஆல்பனி நகரத்தில் உள்ள கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். தகப்பனார் தலைகுனிந்து இறங்கினாரே, அதே சுப்ரீம் கோர்ட்டில்தான் நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1914 ஜனவரியில், மகன் போய் உட்கார்ந்தார். அந்தப் பெயரைத் துடைக்கத்தான் இவர் அப்படி உழைத்தார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒரு மாதம்தான் அங்கே இருந்தார்; அதற்குள் ஆளுநர் அவரை ஆல்பனிக்கு நியமித்துவிட்டார்.

அந்த மேல் கோர்ட்டில் பதினெட்டு வருஷம் இருந்தார். 1927இலிருந்து தலைமை நீதிபதி. நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தப் பதினெட்டு வருஷத்தைப் பற்றித்தான்.

அப்பீல் கோர்ட் என்பது ஒரு விசித்திரமான இடம். சாட்சி அழுததையோ தடுமாறியதையோ அந்த நீதிபதிகள் பார்ப்பதில்லை. அவர்கள் முன்னால் இருப்பது காகிதம்தான். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கார்டோஸோவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது, சில சமயம் தவிர.

1916இல் மக்ஃபர்சன் வழக்கு. ஒருவர் டீலரிடம் ப்யூக் கார் வாங்குகிறார். ஓட்டிப் போகும்போது மட்டமான மரத்தில் செய்த சக்கரம் நொறுங்கி, தூக்கி எறியப்படுகிறார். எனக்கும் உனக்கும் ஒப்பந்தம் ஏது, டீலரைப் போய்க் கேள் என்றது கம்பெனி. அன்றைய சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்தாகும் பொருளைச் சந்தைக்கு விடுகிறவன், அதை உபயோகிக்கப் போகிறவருக்கும் பொறுப்பாளி என்று கார்டோஸோ தீர்ப்பெழுதினார். இங்கிலாந்தில் 1932இல் வந்த, பாட்டிலில் நத்தை கிடந்த டானஹ்யூ வழக்கில் லார்ட் அட்கின் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டியிருக்கிறார். நாம் நுகர்வோர் வழக்குகளில் வாதாடுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1921இன் ஹைன்ஸ் வழக்கு. ஹார்லம் ஆற்றில் குளிக்கப் போன பதினாறு வயதுப் பையன். கரையிலிருந்து தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பலகையில், குதிக்கத் தயாராக நிற்கிறான். ரயில்வே கம்பத்தின் குறுக்குச் சட்டம் மின்கம்பிகளோடு மேலே விழ, பையன் போய்விட்டான். தாயார் வழக்குப் போட்டார். பலகை ரயில்வே நிலத்தில் பதிந்திருக்கிறது, ஆகவே பையன் அத்துமீறி நுழைந்தவன், அவனிடம் கம்பெனிக்குக் கடமை கிடையாது என்று கீழ்க் கோர்ட்டுகள் தள்ளிவிட்டன. கார்டோஸோ அதை ரத்து செய்தார். ஆறு பொதுச் சொத்து. தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தால் நஷ்ட ஈடு, சில அடி மேலே பலகையில் நின்றால் இல்லை என்பது என்ன நியாயம் என்பதுதான் அவர் போக்கு. சொத்துரிமைக் கோட்பாட்டுக்குள் காணாமல் போயிருந்த பையனை அவர் வெளியே எடுத்துக் காட்டினார். மேல்முறையீடு செய்ய வருகிற ஜூனியர்களை முதலில் இதைப் படிக்கச் சொல்வேன்.

கிரிமினல் வழக்குகளில் அவரை ஒரு சட்டத்தில் அடைக்க முடியாது. 1926இன் டிஃபோர் வழக்கில் ஓவர்கோட் திருடியதாக ஒருவனைப் பிடித்த போலீஸ், வாரண்ட் இல்லாமல் அறையைச் சோதனை போட்டு ஆயுதம் ஒன்றை எடுத்தது. சோதனை சட்டவிரோதம் என்பதை ஒப்புக்கொண்டார் கார்டோஸோ. ஆனாலும் கிடைத்த சாட்சியம் செல்லும் என்றார். போலீஸ்காரர் செய்த தப்புக்காகக் குற்றவாளியை விட்டுவிடுவதா என்பது அவர் கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் மேப் வழக்கில் இதற்கு நேர் எதிராகப் போய், மாநிலங்களிலும் அப்படிப்பட்ட சாட்சியத்தை ஒதுக்கச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றமோ 1973இல் பூரன் மல் வழக்கில் கார்டோஸோ நின்ற பக்கத்துக்கே வந்தது. வீட்டுக்குள் போலீஸ் புகுந்த கட்சிக்காரர்களின் முகத்தைப் பார்த்தவன் என்பதால், எனக்கு இது உடன்பாடில்லை.

அதே மனுஷர்தான் 1930இல் ஜாக்கோவிட்ஸ் வழக்கில் ஒரு கொலைத் தண்டனையை ரத்து செய்தார். மனைவியை அவமானப்படுத்தியவர்களோடு மோதி ஒருவனைச் சுட்டுவிட்டான் குற்றவாளி. சுட்டது ஒரு துப்பாக்கி; அரசுத் தரப்போ வீட்டில் சும்மா இருந்த மற்றத் துப்பாக்கிகளையும் ஜூரிக்குக் காட்டி, இவன் சுபாவமே இப்படி என்று வாதிட்டது. அது கூடாது, புது விசாரணை நடத்துங்கள் என்றார் கார்டோஸோ. நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது பால்ஸ்கிராஃப். 1924 ஆகஸ்டில் ஹெலன் பால்ஸ்கிராஃப் என்ற துப்புரவு வேலை செய்யும் பெண்மணி, தன் மகள்கள் இருவரைக் கடற்கரைக்கு அழைத்துப்போக பிளாட்பாரத்தில் நிற்கிறார். தூரத்தில், கிளம்பிவிட்ட ரயிலில் தொத்தியவனை ரயில்வே ஆட்கள் ஏற்றிவிட, அவன் கையிலிருந்த பொட்டலம் விழுந்து வெடிக்கிறது. தராசு சரிந்து அந்த அம்மாள் மேல் விழுகிறது. ஜூரி 6,000 டாலர் கொடுத்தது. 1928இல் மேல் கோர்ட் நாலுக்கு மூன்று என்று அதைப் பறித்தது. அவருக்கு ஆபத்து வரும் என்று ஊழியர் எதிர்பார்த்திருக்க முடியாது, ஆகவே அவர்பால் கடமையும் இல்லை என்பது கார்டோஸோவின் தர்க்கம். தர்க்கத்தில் ஓட்டை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பில் மகள்கள் இல்லை. அவர் என்ன வேலை செய்தார் என்பது இல்லை. போதாதற்கு, எல்லாக் கோர்ட்டு செலவையும் அவர் தலையிலேயே போட்டது. ஹைன்ஸ் பையனைப் பார்த்த கண் இங்கே எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

1932இல் ஹோம்ஸ் ஓய்வு பெற்ற இடத்துக்கு ஜனாதிபதி ஹூவர் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஆறு வருஷம் அங்கே. வாஷிங்டன் அவருக்கு ஒட்டவில்லை என்று படித்திருக்கிறேன். 1937 கடைசியில் இருதயம் தகராறு செய்தது, அடுத்த ஜனவரியில் பக்கவாதம். 1938 ஜூலை 9ஆம் தேதி, பழைய சகா நீதிபதி இர்விங் லேமனின் வீட்டில் உயிர் பிரிந்தது. ஹெலன் பால்ஸ்கிராஃப் அதற்குப் பிறகும் ஏழு வருஷம் இருந்தார். ரயில்வேயிடமிருந்து கடைசி வரை ஒரு டாலர்கூட அவருக்கு வரவில்லை.