நொதித்தலின் உண்மை கண்ட பாஸ்டர்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலே பதநீர் இறக்கும் பனைத்தொழிலாளர், பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இனிய பதநீர் கிடைக்கும். தடவாத கலயத்திலோ அதே சாறு சில மணி நேரத்திற்குள் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். அவ்வூர் இல்லங்களில் சித்திரை மாதத்தில் ஓரிரவிற்குள் பொங்கி நிற்கும் இட்டலி மாவு, மார்கழிக் குளிரில் பொழுது விடிந்த பின்னும் பொங்காது கிடக்கும். சாறும் ஒன்றே, மாவும் ஒன்றே. விளைவு மட்டும் வேறுபடுவது ஏன்? மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பழக்கத்தால் இவற்றைக் கையாண்டு வந்தனரேயன்றி, உண்மைக் காரணத்தை அறிந்திலர். அதனை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய பெருமகனார், பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஆவார்.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள், பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள தோல் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் நெப்போலியனின் படையில் பணிபுரிந்து மீண்டவர். பின்னர்த் தோல் பதனிடும் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர். இளமையில் பாஸ்டர் ஓவியம் தீட்டுவதில் வல்லவராய் விளங்கினார். உற்று நோக்கும் அப்பழக்கமே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. பாரிசில் உயர்கல்வி கற்று, இரசாயனத்தில் தேர்ச்சி பெற்று, 1854ஆம் ஆண்டில் லீல் நகரத்து விஞ்ஞானக் கல்லூரியின் தலைவராக அமர்ந்தார்.

லீல் நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் பீட் கிழங்கிற்குப் பெயர் பெற்றது. நம் நாட்டில் கரும்பிலிருந்து சர்க்கரையும், அதன் கழிவுப் பாகிலிருந்து சாராயமும் எடுப்பது போல, அங்கே பீட் கிழங்கின் சாற்றிலிருந்து சாராயம் வடித்தனர். 1856ஆம் ஆண்டில், பிகோ என்னும் தொழிலதிபர் பாஸ்டரை நாடி வந்தார். அவருடைய ஆலைத் தொட்டிகள் சிலவற்றில் சாறு செவ்வனே நொதிக்கவில்லை, சாராயம் குறைந்தது, சாறு புளித்துக் கெட்டது. பேரிழப்பிற்கு ஆளாகிய அவர், காரணம் காணுமாறு வேண்டினார். கல்லூரித் தலைவர் ஒருவர் சாராயத் தொட்டிகளிடையே சென்று நிற்பது தகுமோ என்று பாஸ்டர் தயங்கினாரல்லர். நாள்தோறும் ஆலைக்குச் சென்றார். சாற்றை எடுத்து வந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். நன்கு நொதித்த சாற்றில் உருண்டை வடிவான நுண்பொருள்கள் தோன்றின. கெடத் தொடங்கிய சாற்றிலோ உருவங்கள் வேறுபட்டிருந்தன.

அவ்வுருண்டைகளே ஈஸ்ட் எனப்படுபவை. அவற்றை முன்னரும் சிலர் கண்டு, உயிருள்ளவை என்று கூறியிருந்தனர். ஆயினும் ஜெர்மானியப் பேரறிஞர் லீபிக் முதலானோர், நொதித்தல் என்பது அழுகும் பொருளால் நிகழும் இரசாயன மாற்றமே என்று சாதித்தனர். பாஸ்டர் சொற்போரில் இறங்காமல் சோதனையில் இறங்கினார். பால் புளிப்பதற்கும் ஓர் உயிரே காரணம் என்பதை 1857இல் வெளியிட்டார். பின்னர்த் தூய சர்க்கரை நீரில் சிறிது அமோனிய உப்பும், ஈஸ்டை எரித்த சாம்பலும், மிகச் சிறிதளவு ஈஸ்டும் இட்டார். ஈஸ்ட் பெருகிற்று, சர்க்கரை சாராயமாக மாறிற்று. சத்துகளுள் ஒன்றை நீக்கியபோது நொதித்தல் தடைப்பட்டது. உணவின்றி உயிர் வளராது. உயிர் வளராவிடின் நொதித்தலும் நன்கு நிகழாது என்பது இதனால் புலனாயிற்று.

அறிவுலகம் அவரைப் போற்றத் தொடங்கிய அந்நாள்களில், இல்லத்திலோ துன்பம் அடுக்கடுக்காக வந்தது. 1859 முதல் 1866 வரை அவர் தம் புதல்வியர் மூவரை நோய்க்குப் பறிகொடுத்தார். 1868இல், தமது 45ஆம் வயதில், பக்கவாதத்தால் தாக்குண்டார். இடக்கையும் இடக்காலும் முன்போல் இயங்கவில்லை. 1870இல் பிரான்சிற்கும் பிரஷ்யாவிற்கும் போர் மூண்டு, பிரான்சு தோல்வியுற்றது. உடல் தளர்ந்தும், நாடு நலிந்தும் இருந்த அவ்வேளையில், நாட்டிற்குத் தம்மால் இயன்றது யாது என்று பாஸ்டர் எண்ணினார். வாற்கோதுமையிலிருந்து செய்யப்படும் பீர் என்னும் பானத்தில் ஜெர்மானியர் சிறந்து விளங்கினர். பிரான்சின் பீர் அடிக்கடி கெட்டது. அக்குறையைப் போக்கத் துணிந்த அவர், 1871இல் கிளர்மோன் நகருக்கு அருகிலிருந்த சிற்றாலை ஒன்றில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவ்வாண்டிலேயே அவர் இலண்டன் மாநகரிலுள்ள விட்பிரெட் என்னும் பெரிய ஆலைக்குச் சென்றார். அங்குப் பயன்பட்ட ஈஸ்டில் ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். வேற்றுயிர்கள் கலந்திருப்பதைக் கண்டு, அந்த ஈஸ்டால் பீர் கெட்டிருக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். ஆலையினர் வியந்து, கெட்டுப்போன பீர் இருப்பதை ஒப்புக்கொண்டனர். ஒரு வாரத்திற்குள் அவர் மீண்டும் சென்றபோது, அவர்கள் உருப்பெருக்கி ஒன்றை வாங்கியிருந்தனர், ஈஸ்டையும் மாற்றியிருந்தனர்.

இவ்வாராய்ச்சிகளின் பயனை 1876இல் நூலாக வெளியிட்டார். நொதித்தல் மந்தமாகும்போது காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வதற்கு அவர் கண்ட உண்மைகள் வழி காட்டின. ஈஸ்ட் முதுமையுற்றோ எண்ணிக்கையில் குறைந்தோ இருப்பின் வேலை தாமதமாகும். சாற்றில் சர்க்கரை மட்டும் இருந்து பிற சத்துகள் குறைந்தாலும் அவ்வாறே. தொடக்கத்தில் சிறிது காற்றுக் கிடைத்தால் ஈஸ்ட் விரைந்து பெருகும். பெருகிய பின் காற்றில்லாத நிலையிலும் அது சர்க்கரையைச் சாராயமாக மாற்றும். வெப்பநிலையும் இன்றியமையாதது. மேலே மிதந்து நொதிக்கும் ஈஸ்டிற்குச் சுமார் 20 பாகை சென்டிகிரேடு வெப்பம் ஏற்றது. அடியில் படியும் வகையோ 6 முதல் 8 பாகைக் குளிரிலும் மெல்ல மெல்லத் தொழிற்படும். அதன் மெதுவான போக்கு இயல்பேயன்றி நோயன்று. ஆதலால் தாமதம் கண்டவுடன் பதறிச் சாற்றைக் கொட்டுவது அறியாமை. வேற்றுயிர்கள் புகுந்ததால் வந்த கேட்டை வெறுந் தாமதம் எனக் கருதி வாளாவிருப்பதும் அறியாமை. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியது உருப்பெருக்கியே.

பனங்கலயத்தின் புதிரும் இங்கே தெளிவாகின்றது. சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களை ஓங்கவிடாது. ஆதலின் பதநீர் இனிக்கின்றது. இட்டலி மாவைப் பொங்கச் செய்வதில் ஈஸ்டினும் பாக்டீரியாக்களுக்கே பெரும்பங்கு உண்டு. அவையும் உயிர்களே, குளிரில் சோர்ந்து, வெதுவெதுப்பில் ஊக்கம் பெறுகின்றன. மாவுப் பாத்திரத்தை அடுப்பின் அருகே வைக்கும் அன்னையர், நூல் கல்லாமலே அவ்வுண்மையைப் பின்பற்றுகின்றனர்.

மது மக்களைக் கெடுப்பது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மதுத்தொட்டியில் பாஸ்டர் கண்ட உண்மை மருத்துவத்திற்கு ஒளியாயிற்று. சாற்றை நுண்ணுயிர்கள் கெடுக்குமாயின், மனித உடலையும் அவை கெடுக்கலாமன்றோ? இவ்வெண்ணமே நோய்க்கிருமிகளின் ஆராய்ச்சிக்கு அவரை அழைத்துச் சென்றது. பானங்களை அளவாகச் சூடேற்றிக் காக்கும் அவருடைய முறை, இன்று பாலைக் காக்கப் பயன்படுகின்றது. 1885இல் வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசியிட்டு அவனைக் காத்தார். அவர் பெயரால் 1888இல் பாரிசில் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. நம் குன்னூரிலும் 1907இல் பாஸ்டர் நிலையம் அமைந்தது.

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் இயற்கை எய்தினார். ஈராண்டுகளுக்குப் பின், புக்னர் என்னும் அறிஞர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் எனக் கண்டார். உயிர் ஆக்கும் நொதிப்பொருளே அவ்வேலையைச் செய்கின்றது என்பது விளங்கிற்று. இதனால் லீபிக்கின் கூற்றிலும் ஒரு பகுதி உண்மை இருந்தமை தெரிய வந்தது. பாஸ்டரின் கொள்கையும் அழியாது செம்மையுற்றது. அறிவு இவ்வாறே வளர்கின்றது. ஒரு தொழிலதிபரின் தொட்டியில் நேர்ந்த குறையையும் சிறிதென்று எண்ணாது, பொறுமையுடன் நோக்கிக் காரணம் கண்ட பாஸ்டரின் வாழ்வு, கற்போர்க்கு என்றும் நல்வழி காட்டுவதாகும்.