கை மாறிய பாட்டு

குழந்தைகளே! ஒருவர் ஒரு பாட்டை எழுதுகிறார். தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறார். ஓரளவு பெயரும் கிடைக்கிறது. இரண்டு வருடம் கழித்து இன்னொருவர் அதே பாட்டை எடுத்துப் பாடுகிறார். நாடே எழுந்து ஆடுகிறது. அன்று முதல் அது இரண்டாமவரின் பாட்டு ஆகிவிடுகிறது. முதலில் பாடியவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கிற்கு இப்படித்தான் நடந்தது. பாட்டின் பெயர் 'ரெஸ்பெக்ட்', அதாவது மரியாதை. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ஓட்டிஸ், 1941ம் ஆண்டு செப்டம்பர் 9ம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில் டாசன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் மேக்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர். பிறகு விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தார். ஓட்டிஸ் பாடப் பழகியது தேவாலயப் பாடகர் குழுவில்தான்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பள்ளிக்கூடம் தனி, பேருந்தில் இருக்கை தனி, தண்ணீர் குடிக்கும் குழாய்கூடத் தனி. சட்டமே அப்படி இருந்தது. 1964ம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் இந்தப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மரியாதை என்ற சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை இருந்தது என்பது அப்போதுதான் புரியும்.

அப்பாவுக்குக் காசநோய். குடும்பத்தைத் தாங்க வேண்டி, ஓட்டிஸ் 15 வயதில் படிப்பை விட்டார். கிணறு வெட்டினார், பெட்ரோல் பங்கில் வேலை செய்தார். மேக்கனில் டக்ளஸ் தியேட்டர் என்று ஓர் அரங்கம் உண்டு. கறுப்பின மக்களுக்காக, கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு வணிகர் கட்டியது. அங்கே நடக்கும் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு 5 டாலர். ஓட்டிஸ் வரிசையாக 15 முறை வென்றாராம். அதற்குமேல் போட்டியிலேயே சேர்க்கவில்லை என்று சொல்வார்கள். பாவம், மற்றப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு வேண்டுமே!

அப்போது அவர் லிட்டில் ரிச்சர்டைப் போலப் பாடிக் கொண்டிருந்தார். அவரும் மேக்கன்காரர்தான், பெரும் புகழ் பெற்றவர். ஓட்டிஸுக்கு அவர்தான் கண்கண்ட தெய்வம்.

1962ம் ஆண்டு ஜானி ஜென்கின்ஸ் என்ற கிதார் கலைஞருக்கு, மெம்ஃபிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்ற நிறுவனத்தில் பாட்டுப் பதிவு. ஜென்கின்ஸிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. காரை ஓட்டிச் சென்றவர் நம் ஓட்டிஸ். வந்து இறங்கியவரை அங்கிருந்தவர்கள் டிரைவர் என்றே நினைத்தார்கள்.

ஸ்டாக்ஸ் நிறுவனம் இயங்கியது ஒரு பழைய சினிமாக் கொட்டகையில். ஜிம் ஸ்டூவர்ட் என்பவரும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் சேர்ந்து நடத்தினார்கள். ஒலிப்பதிவு இயந்திரம் வாங்க, அக்கா தன் வீட்டையே அடமானம் வைத்தாராம். சரிவான தரையைச் சமப்படுத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால்தான் அங்கே பதிவான பாட்டுகளுக்குத் தனி ஒலி அமைந்தது என்கிறார்கள். பாப்கார்ன் விற்ற இடம் இசைத்தட்டுக் கடையானது. இன்னொரு சிறப்பு, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். வெளியே தெருவில் அப்படி நடக்காத காலம் அது.

அன்று ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. ஓட்டிஸ் கெஞ்சிக் கேட்டு ஒரு வாய்ப்புப் பெற்றார். முதலில் லிட்டில் ரிச்சர்ட் பாணியில் ஒரு துள்ளல் பாட்டு பாடினார். யாரும் அசையவில்லை. லிட்டில் ரிச்சர்ட்தான் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே! பிறகு தானே எழுதிய மெதுவான பாட்டு ஒன்றைப் பாடினார். அறையில் இருந்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' என்ற அந்தப் பாட்டு அதே ஆண்டு இசைத்தட்டாக வந்தது. ஓட்டிஸுக்கு அப்போது 21 வயது.

தேவாலயப் பாட்டின் உருக்கத்தை வாழ்க்கைப் பாட்டில் கொண்டுவந்த அந்த இசையை 'சோல்' என்பார்கள். ஆன்மா என்று பொருள். ஓட்டிஸுக்கு இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் எப்படி வாசிக்க வேண்டும் என்பதை வாயாலேயே முனகிக் காட்டுவார். அவர்கள் அப்படியே பிடித்துக் கொள்வார்கள்.

'ரெஸ்பெக்ட்' பாட்டு பதிவானது 1965ம் ஆண்டு ஜூலை 9ம் தேதி. உழைத்துக் களைத்து, சம்பாதித்த பணத்தோடு வீடு திரும்பும் ஆண் ஒருவன், மனைவியிடம் கொஞ்சம் மரியாதை கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 35ம் இடம் வரை போனது.

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் தன் பாணியில் புதிதாகப் பாடினால் அதைக் 'கவர்' என்பார்கள். பழைய பாட்டோடு தாளத்தைச் சேர்த்து ஓட்டும் ரீமிக்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இது முழுக்கப் புதுச் சமையல்.

ஓட்டிஸும் அடுத்தவர் பாட்டுகளைப் பாடியவர்தான். 'ரெஸ்பெக்ட்' பதிவான அதே நாட்களில் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' என்ற பாட்டையும் பதிவு செய்தார். அது லண்டனைச் சேர்ந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பாடிச் சில வாரங்களே ஆன புதுப் பாட்டு. அவர்கள் கிதாரில் வாசித்த பகுதியை இவர் டிரம்பெட்டிலும் சாக்ஸபோனிலும் வாசிக்க வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அதே குழுவினர் அதற்கு முன்பே ஓட்டிஸ் பாடிய பாட்டை எடுத்துப் பாடியிருந்தார்கள். கொடுக்கலும் வாங்கலும் சரியாகப் போயிற்று!

1966ல் இன்னொரு பழைய பாட்டைத் தொட்டார். 'டிரை எ லிட்டில் டெண்டர்னஸ்' என்ற அது 1932ம் ஆண்டிலேயே பதிவான சாதுவான பாட்டு. ஓட்டிஸ் அதைத் தாலாட்டு மாதிரி தொடங்கி, புயல் மாதிரி முடித்தார். பெரியவர்கள் துணையோடு ஒருமுறை தேடிக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், அவருடைய பாட்டுகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

இனி அரீதா ஃபிராங்க்ளினுக்கு வருவோம். 1942ல் பிறந்தவர். அவர் அப்பாவும் பெயர் பெற்ற போதகர்தான். 1967ம் ஆண்டு பிப்ரவரி 14ம் தேதி நியூயார்க்கில் 'ரெஸ்பெக்ட்' பாட்டைப் பாடினார். அவருக்கு வயது 24. பியானோவும் அவரே வாசித்தார். உடன் பாடியவர்கள் அவருடைய சகோதரிகள்.

அரீதா பாட்டின் சில வரிகளை மாற்றினார். ஆனால் பெரிய மாற்றம் எது தெரியுமா? பாடுவது பெண் என்பதுதான்! வீட்டுக்கு வரும் ஆண் கேட்ட மரியாதையை, இப்போது வீட்டில் இருக்கும் பெண் கேட்கிறாள். நீ கொண்டு வரும் காசு என்னிடமும் இருக்கிறது என்கிற தோரணையில் கேட்கிறாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஏழு எழுத்து. அந்த ஏழையும் ஒவ்வொன்றாக, வகுப்பில் எழுத்துக் கூட்டுவது போல, அழுத்தி அழுத்திப் பாடினார். ஓட்டிஸ் பாட்டில் அந்த இடமே கிடையாது. இன்று பாட்டைக் கேட்டவர்களுக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

1967ம் ஆண்டு ஜூன் மாதம் அது பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்து இரண்டு வாரம் அங்கேயே நின்றது. பெண்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக் கொண்டார்கள். உரிமைக்காகப் போராடிய கறுப்பின மக்களும் எடுத்துக் கொண்டார்கள். ஒரு வீட்டுக்குள் நடந்த வழக்கு, ஒரு நாட்டின் வழக்காகிவிட்டது.

அதே ஜூன் 17ம் தேதி கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில் பெரிய இசைவிழா. கூட்டத்தில் பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள். இரவில் கடைசியாக ஓட்டிஸ் மேடையேறினார். 'ரெஸ்பெக்ட்' பாடும் முன், இந்தப் பாட்டை ஒரு பெண் என்னிடமிருந்து கொண்டுபோய்விட்டாள் என்று சிரித்துக் கொண்டே சொன்னார். பிறகு தன் பாணியிலேயே பாடினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அரீதாவின் இசைத்தட்டால் ஓட்டிஸுக்கு நஷ்டமும் இல்லை. அமெரிக்க வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், இயற்றியவருக்குத்தான் பணம், பாடியவருக்கு இல்லை. இது அரீதாவுக்கு நியாயம்தானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மான்டெரே விழாவுக்குப் பிறகு, சாசலிட்டோ என்ற கடலோர ஊரில் படகு வீடு ஒன்றில் ஓட்டிஸ் தங்கினார். வந்து போகும் கப்பல்களைப் பார்த்தபடி ஒரு புதுப் பாட்டைத் தொடங்கினார். ஜார்ஜியாவை விட்டு வந்த ஒருவன் துறைமுகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற பாட்டு. பெயர் 'டாக் ஆஃப் தி பே'. நடுவில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் திரும்புமா என்ற பயம் இருந்தது. திரும்பியது. நவம்பரிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் பாட்டைப் பதிவு செய்தார். உறுமலும் கூவலும் இல்லாத அமைதியான பாட்டு. நிறுவனத்தில் சிலருக்கே இது பிடிக்கவில்லை. முடிவில் சொற்கள் இல்லாமல் சீட்டியடித்து விட்டிருந்தார்.

டிசம்பர் 10ம் தேதி, கச்சேரிக்காக மேடிசன் நகருக்குச் சொந்த விமானத்தில் பறந்தார். ஊரை நெருங்கும்போது விமானம் மொனோனா ஏரியின் குளிர்ந்த நீரில் விழுந்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் இறந்தார்கள். பார்-கேஸ் என்ற வாத்தியக் குழுவைச் சேர்ந்த இளம் பையன்கள் நால்வரும் அதில் அடக்கம். டிரம்பெட் வாசித்த பென் காலி மட்டும், இருக்கை மெத்தையைப் பிடித்துக் கொண்டு மிதந்து தப்பினார். ஓட்டிஸுக்கு வயது 26.

உடன் எழுதிய ஸ்டீவ் குரோப்பர், துக்கத்தோடு துக்கமாக உட்கார்ந்து பாட்டை முடித்தார். கடல் அலையும் பறவைக் குரலும் சேர்த்தார். சீட்டியை அப்படியே விட்டுவிட்டார். 1968ம் ஆண்டு மார்ச் மாதம் அது முதல் இடத்துக்கு வந்தது. இறந்தவர் ஒருவரின் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது அதுவே முதல் முறை.

அந்தப் பாட்டையும் எத்தனையோ பேர் எடுத்துப் பாடினார்கள். மைக்கேல் போல்டன் என்பவர் பாடியது 1988ல் வானொலிகளில் ஓயாமல் ஒலித்தது. அதற்கு முன்பு 1982ல் 'தி ரெட்டிங்ஸ்' என்ற குழு பாடியது. அதில் இருந்தவர்களில் இருவர் டெக்ஸ்டர், மூன்றாம் ஓட்டிஸ். விமானம் ஏரியில் விழுந்த நாளில் சின்னஞ்சிறு பிள்ளைகளாக வீட்டில் அப்பாவுக்குக் காத்திருந்தவர்கள்.