மாட்டு வண்டியில் கேமரா, பால்கனியில் மஞ்சள் தூள்: யார் இந்த லினேயஸ் டிரைப்?

பெங்களூரில் வேலை பார்க்கும் நீங்கள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர் தாண்டி ராயக்கோட்டை மலை ஏறியிருக்கலாம். மேலே நின்று நாலு செல்ஃபி எடுத்து, கீழே இறங்குவதற்குள் ஸ்டேட்டஸும் வைத்திருப்பீர்கள். அதே ராயக்கோட்டையை 1850களின் இறுதியில் ஒருவர் படம் எடுத்தார். அவரும் பெங்களூரிலிருந்துதான் கிளம்பினார். கேமரா, காகிதம், ரசாயனம் எல்லாம் மாட்டு வண்டிகளில் வந்தன.

அவர் பெயர் லினேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர், கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் ராணுவ அதிகாரி. நீண்ட விடுப்பில் ஊருக்குப் போன இடத்தில் கேமரா பித்து பிடித்துக்கொண்டது. 1854இல் பெங்களூர் திரும்பிய கையோடு, டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, சொந்த ஆசைதான். மறு ஆண்டு மெட்ராஸ் கண்காட்சியில் அதற்குப் பதக்கமே கிடைத்தது.

அதே 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவில் அதிகாரபூர்வ படப்பிடிப்பாளர் ஆனார். 200க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு பெங்களூர் வந்து, 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, 50 செட் போட்டார். கணக்குப் போடுங்க: 6,000 பிரின்ட். ஒவ்வொன்றும் வெயிலில் வைத்து எடுத்தது.

ஒரு படத்துக்கு அவ்வளவு வேலையா?

ஆமாம். பிலிம் வராத காலம். மெழுகு ஏற்றிய காகிதத்தில் வெள்ளி உப்பைப் பூசி, அதையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், நம்ம ஊர் வெயிலில் பயணம் போக அது வசதி. ஆனால் படத்தைப் பெரிதாக்க வழியில்லை. பிரின்ட் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது, அதாவது ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். கேமரா எவ்வளவு பெரிய பெட்டியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால் நெகட்டிவ் மேல் வண்ணம் தீட்டி மேகம் வரைந்தார். இன்றைய ஃபில்டர் வேலைதான்!

வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுக்கும், வீட்டில் வேண்டாம். வெயில் எப்படிப் படம் வரைகிறது என்று பார்க்க நம்ம மஞ்சள் தூள் போதும். தாவரச் சாயங்களில் படம் எடுக்கும் வழியை 1842இல் ஜான் ஹெர்ஷல் ஆராய்ந்தார், அதன் வீட்டு வடிவம் இது. ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டுங்கள் (அடுப்புப் பக்கம் போகாதீர்கள்). தடித்த டிராயிங் காகிதத்தில் பூசி, இருட்டில் காயவிடுங்கள். மேலே ஒரு வேப்பங்கொத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, பால்கனி வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். வெயில் பட்ட இடம் வெளுக்கும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரைத் தடவினால் இலை மறைத்த இடம் மட்டும் செம்பழுப்பாக எழும்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான்.

பெங்களூர் மேகம் குறுக்கே வந்தால் அரை நாள் போச்சு. அப்போது அந்த 6,000 பிரின்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்தப் படத்தை வெளியே மாட்டினால் மங்கிவிடும், புத்தகத்துக்குள் வையுங்கள். டிரைப் தன் படங்களை ஹைப்போவில் கழுவி நிலைப்படுத்தினார். அதனால்தான் இன்றும் அவை லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

தஞ்சாவூரில் என்ன செய்தார்?

1856இல் மெட்ராஸ் மாகாணத்தின் அரசு படப்பிடிப்பாளராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார். மதுரையில் சிதைந்து நின்ற திருமலை நாயக்கர் மஹாலை நாம் இன்று பழைய படத்தில் பார்க்க முடிகிறது என்றால் அதில் அவர் பங்கு பெரிது.

ஆனால் உச்சம் தஞ்சைப் பெரிய கோயில்தான். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிசையைக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். நம் போன் நின்ற இடத்தில் திரும்பி எடுக்கிற பனோரமாவை அவர் நடந்தே எடுத்தார். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் முறையாகப் படிக்கத் தொடங்கியது அதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்துத்தான்.

அடுத்து நடந்தது உங்கள் ஆபீஸிலும் நடக்கக்கூடியது. 1859இல் புது ஆளுநராக சார்லஸ் டிரெவெல்யன் வந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பின் கஜானா காலி. இந்தப் படவேலை ஆடம்பரம், கட்டுப்படியாகாது என்று முடிவெடுத்து நிறுத்திவிட்டார். என்னைக் கேட்டால் அது கண்மூடித்தனமான சிக்கனம். ஆனால் அன்றைய கணக்குப் புத்தகத்தில் 19 அடிச் சுருளுக்கு என்ன மதிப்பு எழுதுவது?

டிரைப் ராணுவ வேலைக்கே திரும்பினார். பிறகு ஓய்வு பெற்று டெவன்போர்ட் போய், 1902இல் தன் 79ஆவது வயதில் இறந்தார். இடையில் போன நாற்பது ஆண்டுகளில் அவர் எடுத்த படங்கள் மிகச் சொற்பம்.