கேள்வியால் வளர்ந்த கவிச்சிங்கம்

பழனி மலைகளின் அடிவாரத்தில் அமைந்த பழனிப் பதியில் 1836-ஆம் ஆண்டு பிறந்தவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். மூன்றாம் வயதில் கண்ட அம்மை நோய் அவருடைய கண்ணொளியைப் பறித்தது. ஏட்டைக் காண இயலாத அச்சிறுவர், பிறர் படிக்கக் கேட்டே இலக்கண இலக்கியங்களை நெஞ்சிற் பதித்தார். கேட்டு மகிழ்ந்த ஆர்வம் நாளடைவில் கவி பாடும் ஆற்றலாக முதிர்ந்தது. இராமநாதபுரம் சமஸ்தானத்தில் பொன்னுசாமித் தேவரின் ஆதரவையும் கவிச்சிங்கம் என்னும் பட்டத்தையும் பெற்றார். அரசவைப் புகழ் வாய்த்தும் பழனி முருகனைப் பாடும் நாட்டம் அவரை விட்டு நீங்கவில்லை. 1884-இல் மறைந்தார்.

கல்லாமையைக் கேள்வி போக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஆசிரியப் பணியில் நாம் உணர்ந்ததும் அதுவே. செவி வழிப் புகுந்த செய்யுள் மாணாக்கர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். ஆதலின், இல்லந்தோறும் நாள்தோறும் ஒரு பாடலையேனும் பிள்ளைகள் கேட்க உரக்கப் படிப்போமாக.