காசில் வரலாறு கண்டவர்

நுழையும்முன்

மன்னர் மறைந்தாலும் அவர் வெளியிட்ட காசு மண்ணில் கிடக்கிறது. ஏடுகள் செல்லரித்துப் போன காலத்தின் செய்திகளையும் விரல்நுனி அளவுள்ள உலோகத்துண்டு நமக்குச் சொல்கிறது. அந்தச் சிறு துண்டுகளைத் தேடித் திரட்டி, எடையிட்டு, வரைந்து, தென்னிந்திய நாணயவியலுக்கு அடித்தளமிட்டோருள் ஒருவர் வால்டர் எலியட். பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்த இளைஞர் ஒருவரின் ஆர்வம், ஒரு துறையின் தொடக்கமாக மாறிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தங்கசாலையின் உலை

சென்னை சென்ட்ரலை நோக்கி வரும் தொடர்வண்டிகள் பேசின் பிரிட்ஜ் சந்திப்பைக் கடந்தே நகரின் நடுப்பகுதிக்குள் நுழைகின்றன. கால்வாய்ப் படகுகள் தங்கிய நீர்த்தேக்கத்தை ஒட்டி எழுந்த பாலமே இவ்விடத்திற்குப் பெயர் தந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் இந்நீர்வழியாக நகருக்கு வந்தன. இங்கிருந்து சிறிது தொலைவில் தங்கசாலைத் தெருவின் வடமுனை உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயசாலை இயங்கியதனால் அத்தெரு அப்பெயர் பெற்றது. நாணயசாலை மூடப்பட்ட பின்னர் அவ்வளாகத்தில் அரசு அச்சகம் இயங்கலாயிற்று.

நாணயசாலை என்பது புதிய காசுகள் பிறக்கும் இடம் மட்டுமன்று. பழைய காசுகள் மறையும் இடமுமாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தமிழகத்தில் வராகன், பணம், காசு என்னும் கணக்குமுறை வழங்கியது. சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்திற்கு 80 காசு. 1818ஆம் ஆண்டில் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயை அடிப்படை நாணயமாக்கியது. 1835ஆம் ஆண்டில் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே வகை ரூபாய் வந்தது. புதிய பணம் புழங்கத் தொடங்கியதும் பழைய காசுகள் தம் மதிப்பை இழந்தன. பொன் காசுகள் பொற்கொல்லரின் மூசையில் உருகி அணிகலன்களாயின. செப்புக் காசுகள் உருகிப் பாத்திரங்களாயின. பல அரச மரபுகளின் சான்றுகள் எவரும் அறியாமல் உலையில் கரைந்துகொண்டிருந்தன. அக்காலத்தில்தான் எலியட் சென்னைக்கு வந்தார்.

இளமையும் தமிழ்க்கல்வியும்

வால்டர் எலியட் 1803ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். கம்பெனியின் எய்லிபரிக் கல்லூரியில் பயின்று, 1821ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னைக் கடற்கரையில் இறங்கினார். துறைமுகம் கட்டப்படாத அந்நாளில் கப்பல்கள் ஆழ்கடலில் நின்றன. பயணிகள் படகேறி அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர்.

புதிதாக வரும் அலுவலர்கள் நாட்டுமொழிகளைக் கற்பதற்காக 1812ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. அதற்கு முதன்மைக் காரணமாக விளங்கியவர் தமிழறிஞர் எல்லிஸ். திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து உரை வரைந்த அவர், எலியட் வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே காலமாகியிருந்தார். எனினும் அவர் அமைத்த கல்விமுறை நிலைத்திருந்தது. அக்கல்லூரியில் எலியட் தமிழும் இந்துஸ்தானியும் பயின்றார். அம்மொழிகளில் பெற்ற தேர்ச்சிக்காக 1000 வராகன் பரிசு பெற்றார். பிற்காலத்தில் வராகனின் வரலாற்றை எழுதப்போகும் ஒருவருக்கு முதற்சிறப்பு வராகனாகவே வாய்த்தது.

தெரிந்து தெளிவோம்

திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயம் ஒன்று சென்னை நாணயசாலையில் வார்க்கப்பட்டது. அதனை வெளியிடச் செய்தவர் எல்லிஸ் என ஆய்வாளர் கருதுகின்றனர். அதில் திருவள்ளுவர் அமர்ந்த கோலத்தில் காணப்படுகிறார்.

கித்தூர்க் கோட்டையில்

சேலத்தில் உதவி ஆட்சியராகப் பணியைத் தொடங்கிய எலியட், விரைவில் தார்வார்ப் பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கு அவருக்குக் கடுஞ்சோதனை காத்திருந்தது. கித்தூர் அரசின் தத்துரிமையைக் கம்பெனி ஏற்க மறுத்தது. அரசி சென்னம்மா அதனை எதிர்த்துப் போரிட்டார். 1824ஆம் ஆண்டு அக்டோபரில் நடைபெற்ற போரில் ஆட்சியர் தாக்கரே கொல்லப்பட்டார். எலியட்டும் மற்றோர் அலுவலரும் சிறைப்பட்டனர். அப்போது எலியட்டுக்கு வயது 21. சில வாரங்கள் கோட்டைக்குள் இருந்தபின் அவர்கள் உயிருடன் விடுவிக்கப்பட்டனர். பின்னர்க் கம்பெனிப் படை மீண்டும் வந்து கித்தூரைக் கைப்பற்றியது.

விடுதலை பெற்ற எலியட், அந்நிலப்பகுதியை விட்டு விலகவில்லை. 1833ஆம் ஆண்டு வரை தார்வாரிலேயே பணியாற்றினார். ஊர்தோறும் அலுவல் நிமித்தமாகச் சென்றபோது, கோயில்களிலும் ஏரிக்கரைகளிலும் நின்ற கல்வெட்டுகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. பழைய கன்னட எழுத்துகளைப் படிக்கவல்ல உள்ளூர் அறிஞர்களின் துணையோடு அவற்றைப் படியெடுத்தார். இவ்வாறு திரட்டிய கல்வெட்டுப் படிகள் 595. அவற்றைக் கொண்டு சாளுக்கிய மன்னர்களின் வரிசையையும் காலத்தையும் நிறுவி அவர் எழுதிய கட்டுரை 1837ஆம் ஆண்டளவில் இலண்டனில் வெளிவந்தது.

இதே காலத்தில், கல்கத்தா நாணயசாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் 1837ஆம் ஆண்டில் அசோகரின் பிராமி எழுத்தை முழுமையாகப் படித்தறிந்தார். கிரேக்க எழுத்தும் இந்திய எழுத்தும் இருபுறமும் பொறித்த பழங்காசுகள் அக்காலத்து எழுத்தாய்வுக்குப் பெரிதும் உதவின. பழங்காசு என்பது வெறும் வேடிக்கைப்பொருள் அன்று, மறந்துபோன மொழியைத் திறக்கும் திறவுகோல் என்பதனை உலகம் அப்போது உணர்ந்தது. கல்லில் அரசமரபைத் தேடிய எலியட், காசிலும் அதனைத் தேடினார்.

திரட்டலும் ஆய்வும்

பொருள்களைச் சேர்ப்பது எளிது. சேர்த்தவற்றை அறிவாக்குவது அரிது. எலியட்டின் சிறப்பு இவ்விரண்டாவது பணியில் உள்ளது. காசு எவ்வடிவினது, எவ்வளவு எடையினது, எந்தச் சின்னம் தாங்கியது, எப்பகுதியில் மிகுதியாகக் கிடைப்பது என்பனவற்றை அவர் ஒப்பிட்டு நோக்கினார். காசுகளின் உருவங்களை வரைபடங்களாக்கிப் பதிவு செய்தார். 1858ஆம் ஆண்டையொட்டிச் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழில் நாணயங்களைப் பற்றித் தொடர்கட்டுரைகள் எழுதினார்.

எழுத்தே இல்லாத முத்திரைக் காசுகளை அவர் முதலில் ஆராய்ந்தார். வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடை சரியாகும்வரை மூலையை நறுக்கி, கதிரவன், மரம், விலங்கு முதலிய குறிகளைத் தனித்தனியே அடித்துப் பொறித்த தொன்மையான காசுகள் அவை. பன்றிச் சின்னம் பொறித்த சாளுக்கியர் காசுகளை நோக்கி, வராகன் என்னும் நாணயப்பெயரின் வரலாற்றை ஆராய்ந்தார். பாண்டியரின் மீன், சேரரின் வில், சோழரின் புலி ஆகியவற்றை வகைப்படுத்தினார். புலியோடு மீனும் வில்லும் ஒரே காசில் இடம்பெறும்போது, அச்சிறு வட்டம் ஒரு வெற்றிச் செய்தியாகவே விளங்குவதனை அவருடைய நூல் காட்டுகிறது.

சோழமண்டலக் கடற்கரையில் கிடைத்த ஈயக்காசுகள் சிலவற்றில் இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறிக்கப்பட்டிருந்தது. அக்காசுகளையும் எலியட் பதிவு செய்தார். அவை குறும்பர் அல்லது பல்லவர் வெளியிட்டவை என்று அவர் கருதினார். பின்வந்த ஆய்வாளர் அவற்றின் எழுத்துகளைப் படித்து, அவற்றுட் பல சாதவாகனர் காலத்தவை என்று கண்டனர். எலியட்டின் முடிவு திருத்தம் பெற்றது. ஆயினும் அத்திருத்தத்திற்கு வழிவகுத்தது அவர் செய்துவைத்த பதிவே ஆகும். கருத்து தவறலாம், பதிவு பிழையின்றி அமைந்தால் அடுத்த தலைமுறை உண்மையைக் கண்டுகொள்ளும்.

உருகிய பொன்னும் உருகாத வரைபடமும்

எலியட்டின் பணிக்குச் சிறந்த சான்றாக விளங்குவது உத்தம சோழனின் பொற்காசு. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகனாகப் பிறந்து, முதலாம் இராசராசனுக்கு முன்பு சோழநாட்டை ஆண்டவன் உத்தம சோழன். அவன் பெயர் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பெற்ற, புலிச்சின்னம் தாங்கிய பொற்காசு ஒன்றினை எலியட் தம் நூலில் வரைந்து காட்டினார். சோழர் காசுகளில் அரசன் பெயரால் அறியப்பட்ட மிகப் பழைய காசாக அது கருதப்பட்டது.

அந்தக் காசு இன்று இல்லை. அது எங்குச் சென்றது, எவ்வாறு மறைந்தது என்பது எவருக்கும் தெரியாது. சோழர் வரலாற்றை எழுதியோர் அக்காசைக் குறிப்பிடும்போது எலியட்டின் வரைபடத்தையே சான்றாகக் காட்டினர். அழியாதது எனப் போற்றப்படும் பொன் மறைந்தது. தாளில் இட்ட கோடு நிலைத்தது. ஒருவர் அன்று சற்றுச் சோம்பியிருந்தாலோ, வரைவதை மறுநாளைக்கு ஒத்திவைத்திருந்தாலோ, ஆயிரம் ஆண்டு பழமையான ஒரு சான்று சுவடின்றிப் போயிருக்கும்.

பன்முக ஆளுமை

எலியட்டின் ஆர்வம் காசுகளோடு நிற்கவில்லை. தென்னிந்திய விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதினார். தெலுங்கு நாட்டுத் தாவரங்களின் பெயர்களைத் தொகுத்து நூலாக்கினார். அறிவியலறிஞர் சார்லசு டார்வின் புறாக்களை ஆராய்ந்தபோது, எலியட் இந்தியாவிலிருந்து புறாக்களின் பாடம் செய்த தோல்களை அனுப்பி உதவினார். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலில் டார்வின் இவ்வுதவியைக் குறிப்பிட்டுள்ளார்.

1845ஆம் ஆண்டில் அமராவதியில் அகழாய்வு செய்த எலியட், பௌத்தச் சிற்பங்களை வெளிக்கொணர்ந்து சென்னைக்கு அனுப்பினார். அவை பல ஆண்டுகள் சென்னையில் போதிய பாதுகாப்பின்றிக் கிடந்தபின், அவற்றுட் பல இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவர் திரட்டிய காசுகளிலும் பல பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஒரு நாட்டின் வரலாற்றைக் காத்த கைகளே அதன் சான்றுகளை அந்நாட்டிலிருந்து அகற்றவும் செய்தன. அயலார் ஆட்சிக்காலத்து அறிவுப்பணியில் இவ்விரு பக்கங்களும் இணைந்தே இருந்தன என்பதனை மறத்தலாகாது. அவர் படியெடுத்த கல்வெட்டுகளைப் படித்துச் சொன்ன உள்ளூர் அறிஞர்கள், நிலத்தை உழும்போது காசுகளைக் கண்டெடுத்த உழவர்கள் எனப் பெயர் அறியப்படாத பலரின் உழைப்பும் இத்தகைய ஆய்வுகளுக்குள் அடங்கியிருக்கிறது.

பார்வை மங்கியபோதும்

சென்னை ஆளுநரின் ஆட்சிக்குழுவில் உறுப்பினராக உயர்ந்த எலியட், 1860ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். தமிழ்நாட்டின் மீது கொண்ட ஈடுபாடு அங்கும் குறையவில்லை. சிதறிக் கிடந்த எல்லிசின் கையெழுத்துப்படிகளைத் தேடிப் பாதுகாத்தார். அவை ஜி. யு. போப் வழியாக ஆக்சுபோர்டு நூலகத்தைச் சென்றடைந்தன.

முதுமையில் எலியட்டின் கண்பார்வை மங்கியது. காசின் நுண்ணிய எழுத்துகளைக் கூர்ந்து நோக்கி வாழ்ந்த ஒருவருக்கு இதனினும் பெரிய இழப்பு இல்லை. படிக்கவும் எழுதவும் பிறர் துணை தேவைப்பட்டது. எனினும் அரை நூற்றாண்டாகத் திரட்டிய அறிவைத் தம்மோடு மறைய விட அவர் விரும்பவில்லை. பிறரைப் படிக்கச் செய்து கேட்டும், தாம் சொல்லப் பிறரை எழுதச் செய்தும் உழைத்தார். 1885–86ஆம் ஆண்டுகளில் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய அவருடைய நூல் இலண்டனில் வெளிவந்தது. தென்னகத்து நாணயவியலின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் காலையில், திருக்குறள் பதிப்பைப் பற்றிப் போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, தம் கையால் ஒப்பமிட்டார். அன்று மாலையே அவர் உயிர் பிரிந்தது. சென்னையில் மாணவராகத் தமிழெழுத்தைக் கற்ற கை, இறுதிநாளிலும் தமிழ்நூலைப் பற்றிய கடிதத்திலேயே கையொப்பமிட்டு ஓய்ந்தது.

தொடரும் பணி

எலியட்டுக்குப் பின் பலர் இத்துறையை வளர்த்தனர். பெருவழுதி என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பெற்ற பாண்டியர் காசினை இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்டார். சங்ககால மன்னர்கள் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது உறுதியான சான்றாயிற்று. எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் பலவகைக் காசுகள் இன்று பாதுகாக்கப்படுகின்றன.

காசு சேர்க்கும் பழக்கம் மாணவர் பலரிடம் உண்டு. செல்லாத பத்துக் காசும் அயல்நாட்டு நாணயமும் பெட்டிக்குள் ஒலித்துக்கொண்டிருந்தால் அது சேமிப்பு. எங்குக் கிடைத்தது, எந்த ஆண்டினது, எந்தச் சின்னம் உடையது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் அது வரலாறு. தங்கசாலையின் உலை என்றோ அணைந்துவிட்டது. ஆனால் கவனமின்மை என்னும் உலை எக்காலத்தும் எரிந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு காசையேனும் காப்பது நம் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் உள்ள பழைய நாணயம் ஒன்றின் இருபுறங்களையும் வரைந்து, அதன் ஆண்டு, உலோகம், சின்னம், கிடைத்த விதம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.

2. உங்கள் ஊரில் தொழிலின் பெயராலோ பழைய கட்டடத்தின் பெயராலோ வழங்கும் தெரு ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

3. தொல்பொருள்கள் கிடைத்த நாட்டிலேயே இருத்தல் வேண்டுமா என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.