வைடால் என்றொரு மனிதர்

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினால், வைடால் எடுத்தாயிற்றா என்று கேட்காதவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கும் அந்தச் சொல் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நான் விலங்கியல் படிக்க வந்த பிறகுதான் அறிந்தேன். பெயரை அறிந்த நாம் அம்மனிதரையும் அறிய வேண்டாமா?

பெர்னான்ட் விடால் 1862 மார்ச் 9 அன்று, அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் டெல்லிஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். பாரிசில் மருத்துவம் பயின்று, அங்கேயே புகழ்பெற்ற மருத்துவராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். அக்காலத்தில் மாசடைந்த குடிநீரால் ஐரோப்பிய நகரங்களையும் டைபாய்டு வாட்டி வதைத்தது. எபெர்த் என்பவர் 1880இல் அக்கிருமியைக் கண்டறிந்தார். 1884இல் காஃப்கி அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். 1888இல் விடாலும் ஷாந்தமெஸ் என்பவரும், கொல்லப்பட்ட கிருமிகளை ஊசி மூலம் செலுத்தி, எலிகளை அந்நோயிலிருந்து காக்க முடியும் என்று மெய்ப்பித்தனர்.

அவர் பெயரை நிலைநிறுத்திய ஆண்டு 1896. நோயுற்றுத் தேறிய உடலின் சீரம் கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதை வியன்னாவில் குரூபரும் டர்ஹாமும் கண்டிருந்தனர். நோய் நடந்துகொண்டிருக்கும்போதே ரத்தத்தில் அந்த ஆற்றல் தோன்றிவிடுகிறது என்பதை உணர்ந்து, அதை நோயறியும் சோதனையாக ஆக்கியவர் விடால். நாக்கையும் வயிற்றையும் பார்த்து ஊகித்து வந்த மருத்துவருக்குச் சில துளி ரத்தமே சான்று கூறலாயிற்று.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. சிறுநீரக நோயாளிகளின் உடல் வீங்குவதற்கு உப்பு காரணமாவதைக் காட்டி, உப்பில்லாப் பத்தியத்தை வற்புறுத்தினார். முதல் உலகப்போரில் படைவீரர்களுக்கு டைபாய்டு தடுப்பூசி போடும் பணிக்குத் துணைநின்றார். 1929 ஜனவரி 14 அன்று பாரிசில் மறைந்தார்.

நோயைக் காட்டத் தெரிந்த அவர் கையில், அதைத் தீர்க்கும் மருந்து இருக்கவில்லை. குளோராம்பெனிகால் டைபாய்டுக்குப் பயன்பட்டது 1948இல்தான். அந்த வெற்றியும் நீடிக்கவில்லை. 1972இல் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. பின்னர் ஆம்பிசிலினும், அதன்பின் சிப்ரோபிளாக்சசினும் வலுவிழந்தன. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத கிருமி பரவத் தொடங்கியது.

இங்கேதான் விடாலின் சோதனை தன் எல்லையைத் தொடுகிறது. அது காட்டுவது கிருமியை அன்று. கிருமிக்கு உடல் தந்த பதிலை. முதல் வாரத்தில் அந்தப் பதில் தோன்றாமல் இருக்கலாம். பழைய நோயின் சுவடும் இன்றைய நோய்போல் தெரியலாம். சி.ஆர்.பி. என்னும் ரத்தச் சோதனையும் உடலில் அழற்சி உண்டு என்று சொல்லுமே தவிர, எந்தக் கிருமி என்று சொல்லாது. முதல் வேளை மருந்துக்கு முன்பே ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது விளங்கும்.

அதற்குச் சில நாட்களும் பணமும் வேண்டும். கரும்பு வெட்டும் கூலியில் வாழும் எங்கள் வீட்டில் இரண்டும் அரிது. சென்ற ஆண்டு என் தங்கைக்கு, சோதனைச் சீட்டில் இருந்த ஓர் எண்ணை நம்பி மாத்திரை வாங்கினார்கள். காய்ச்சல் தணிந்ததும் மீதி மாத்திரைகளை அம்மா அடுத்த காய்ச்சலுக்கென அஞ்சறைப்பெட்டியில் பத்திரப்படுத்தினார். அது அவருக்குச் சிக்கனம், கிருமிக்கோ பயிற்சிக்களம்!

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை முழுமையாக உண்பதும், நீரைக் கொதிக்க வைத்துப் பருகுவதும் ஏன் என்று வீட்டாருக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல நம்மைவிட ஏற்றவர் யார்? ஒரு துளி ரத்தத்தில் உண்மையைத் தேடிய அந்த மேதைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.