கென்னத் ஆண்டர்சன்: ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனவர் எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார், ஏன்?

வேட்டைத் துப்பாக்கி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? வீடியோ கேமில் முன்கட்டையை 'சக் சக்' என இழுத்துச் சுடும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்தானே? சிம்பாங் அம்பாட்டில் உட்கார்ந்து விளையாடும் உங்களுக்கு அது மெனுவில் இருக்கும் ஒரு பொருள். குழலை மாத்தலாம், டார்ச் மாட்டலாம். பிடிக்கலைன்னா வேற எடுக்கலாம்.

தமிழ்நாட்டுக் காடுகளில் இரவு முழுக்கப் பரணில் காத்திருந்த ஒருவருக்கு அதே தேர்வு உயிர்ப் பிரச்னை. அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

1910-ல் ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். பெங்களூரில் படித்தார், அங்கேயே விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடுமுறை கிடைத்தால் காடுதான். கன்னடமும் தமிழும் பேசுவார். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, பென்னாகரம் என இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஊர்கள் அவருடைய புத்தகங்களில் வந்துகொண்டே இருக்கும். காட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பைரா என்ற பழங்குடி நண்பர் முக்கியமானவர்.

1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 புலிகளையும் அவர் சுட்டதாக அரசுப் பதிவு இருக்கு.

ஷாட்கனா, ரைஃபிளா?

ஷாட்கன் தோட்டாவுக்குள் பல பால்ரஸ் குண்டுகள் இருக்கும். சுட்டதும் அவை விரிந்து பரவும். பறக்கும் பறவைக்கும் ஓடும் முயலுக்கும் இது வசதி. ஆனா தூரம் கூடக்கூட ஒவ்வொரு குண்டின் வேகமும் குறையும். புலியின் தடித்த தசையில் அவை சாகடிக்காமல், காயம் மட்டும் செய்யலாம்.

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது. வயல் காவலுக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியால் சுடப்பட்டு, காயத்தோடு தப்பிய விலங்கால் மானையோ பன்றியையோ துரத்த முடியாது. மெதுவாக ஓடும் மனிதன்தான் அதற்கு எளிய இரை. வட இந்தியாவில் ஜிம் கார்பெட் 1907-ல் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கோரைப்பற்கள், பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்திருந்தன. ஆக, தவறான துப்பாக்கி அடுத்த ஆட்கொல்லியை உருவாக்கலாம்.

ஆண்டர்சன் அதிகம் நம்பியது .405 வின்செஸ்டர் ரைஃபிளை. இதில் ஒரே குண்டு, சுமார் 19 கிராம் எடை. நெருக்கத்தில் பாயும் விலங்கை நிறுத்தும் பலம் அதற்கு இருந்தது. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இதே வகைதான்.

லீவருக்கும் பம்ப்புக்கும் என்ன உறவு?

ஆண்டர்சனின் லீவர் ரைஃபிளையும் சில பம்ப் ஷாட்கன்களையும் வடிவமைத்தவர் ஒருவரே: அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங். பம்ப் துப்பாக்கியில் முன்கட்டையைப் பின்னால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். ஆண்டர்சனின் 1895 மாடல் ரைஃபிளில் விசைக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்ற வேண்டும். முதல் குண்டு தவறினால் இரண்டாவது எவ்வளவு சீக்கிரம் தயாராகும் என்பதே வேட்டைக்காரரின் கவலை. பம்ப், லீவர் ரெண்டும் அதற்கான பதில்கள்தான்.

டார்ச் எதுக்கு?

ஆட்கொல்லிகள் பெரும்பாலும் இருட்டில்தான் இரைக்குத் திரும்பும். ஒரு கையில் விளக்கு, மறு கையில் கனமான ரைஃபிள் என்று குறி பார்க்க முடியாது. அதனால் ஆண்டர்சன் துப்பாக்கிக் குழலோடு டார்ச்சைப் பொருத்திக்கொண்டார். வெளிச்சம் விழும் இடமும் குறியும் ஒன்றாகிவிடும். விலங்கின் கண்ணும் மின்னும். கேமில் நீங்க காசு கொடுத்து வாங்கும் 'அப்கிரேட்' அவருக்கு அவசியத்தால் வந்தது.

கடைசியில் என்ன ஆனது?

பிற்காலத்தில் அவருடைய ஆர்வம் சுடுவதிலிருந்து படம் எடுப்பதற்கும் பாதுகாப்பதற்கும் திரும்பியது. 1972-ல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் அவர் பெங்களூரில் இறந்தார். ஜவளகிரிக் காடு இப்போ, 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் இருக்கு.

நம்ம நாட்டில்? 1971-ஆம் ஆண்டு துப்பாக்கிகள் (அதிகரிக்கப்பட்ட தண்டனைகள்) சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். மலேசியக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகளோ 150-க்கும் குறைவு. ஆண்டர்சன் காலத்துக் கிராமம் புலியிடமிருந்து தப்பிக்க வழி தேடியது. இன்றைக்குத் தப்பிக்க வேண்டிய இடத்தில் இருப்பது புலி.